பயந்தவள் கேட்டது

பேய்ப் படம் என்றால் பாழடைந்த பங்களாவும் புகையும் ஒப்பனையும் வரைகலையும் வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். இவை எதுவுமே இல்லாமல், ஒரே வீடு, ஒரு வீடியோ கேமரா, யாரும் அறியாத இரண்டு முதன்மை நடிகர்கள், ஏழு நாள் படப்பிடிப்பு என்று எடுத்து முடிக்கப்பட்ட படம் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'. இதை எழுதி இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தவர் ஓரன் பெலி. அதற்கு முன் அவர் படம் எடுத்தவரல்லர். வீடியோ விளையாட்டுகளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அவர் குடியிருந்த வீடுதான் படத்தில் வரும் வீடும். செலவு சுமார் 15,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏழு லட்ச ரூபாய்க்குள் அடங்கிவிடும். 2007இல் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் விழாவில் முதலில் காட்டப்பட்டது. 2009இல் பாரமவுண்ட் நிறுவனம் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த பிறகு உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

வசூலின் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது அந்த ஏழ்மை. பேயைக் காட்ட வசதியில்லாத படம், பேய்க்குப் பயப்படும் பெண்ணைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளில்லாததால் படுக்கையறையில் அதை முக்காலியில் நிறுத்திவிடுகிறார்கள். ஓரத்தில் நேரம் ஓடுகிறது. ஒரு கதவு சில அங்குலம் நகர்கிறது. மாடிப்படியில் காலடி ஓசை. மற்றதெல்லாம் அவள் சொல்வதும், அவள் சொல்வதை அவன் என்ன செய்கிறான் என்பதும்தான். பணம் இருந்திருந்தால் இந்தப் படம் ஒரு பேயைப் பற்றியதாகியிருக்கும். பணம் இல்லாததால் ஒரு ஆணையும் பெண்ணையும் பற்றியதாகிவிட்டது.

கதை சிறியது. கேட்டியும் மைக்காவும் மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்கள். அவள் மாணவி, ஆசிரியராக விரும்புகிறவள். அவன் வீட்டிலிருந்தே பங்கு வணிகம் செய்பவன். எட்டு வயதிலிருந்தே ஏதோ ஒன்று தன்னைத் தொடர்வதாகக் கேட்டி சொல்கிறாள். இப்போது அது மறுபடியும் வந்திருக்கிறது. மைக்கா செய்யும் முதல் காரியம், ஒரு விலையுயர்ந்த கேமரா வாங்குவது.

படம் முழுக்க அவள் கேட்பவை மிகச் சிறியவை. அதைச் சீண்டாதே என்கிறாள். அவன் வெற்று அறையைப் பார்த்துச் சவால் விடுகிறான். ஆவிகளோடு பேசுவதற்கான வீஜா பலகை வேண்டாம் என்று வாக்குறுதி வாங்குகிறாள். அவன் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விலைக்கு வாங்கமாட்டேன் என்றுதானே சொன்னேன், இது இரவல் என்று வாதாடுகிறான். இதற்கென்று இருக்கும் நிபுணரை அழைக்கலாம் என்கிறாள். தானே பார்த்துக்கொள்வதாக அவன் தட்டிக்கழிக்கிறான். கடைசியில் அவள் அழைக்கும்போது அந்த மனிதர் வெளிநாட்டில் இருக்கிறார். அழும்போதாவது கேமராவை அணைத்துவிடு என்று கெஞ்சுகிறாள். கேமரா ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவள் கெஞ்சியதை நாம் பார்க்கிறோம்.

வீட்டில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் பெண்ணும், இல்லை என்று சொல்லும் கணவனும் மேற்கத்தியக் கதைகளில் வெகுகாலமாக உண்டு. 1892இல் வெளியான, ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையில் கணவன் மருத்துவன். மனைவிக்கு ஓய்வு வேண்டுமென்று சொல்லி ஒரு வாடகை வீட்டில் வைக்கிறான், எழுதவும் விடுவதில்லை. அவளோ சுவர்த்தாளின் வடிவங்களுக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வதைப் பார்க்கிறாள். 1938இல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகத்திலிருந்து உருவாகி, 1944இல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து வந்த 'கேஸ்லைட்' படத்தில், விளக்கின் ஒளி மங்குவதை மனைவி பார்க்கிறாள். அதற்குக் காரணமான கணவனே அவளை மனப்பிறழ்வு கொண்டவள் என்று நம்பவைக்கிறான். வெளியிலிருந்து ஒரு காவல் அதிகாரி வந்து, ஆமாம், ஒளி மங்குகிறது என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் கண்ணின் மீது நம்பிக்கை திரும்புகிறது. 'கேஸ்லைட்டிங்' என்ற சொல் இன்று நம் மாணவிகளின் பேச்சிலும் புழங்குகிறது.

இந்த அநீதிக்குத் தத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. பிரிட்டனின் பெண்ணியத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல், அதாவது இந்தப் படம் முதலில் காட்டப்பட்ட அதே ஆண்டில், 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' என்ற நூலை வெளியிட்டார். ஒருவர் யார் என்பதை வைத்தே அவருடைய சொல்லின் மதிப்பைக் குறைத்துவிடுவதை அவர் சாட்சியம் சார்ந்த அநீதி என்கிறார். பெண் என்பதால், கறுப்பினத்தவர் என்பதால் சொல் எடை குறைகிறது. தன் அனுபவத்தை அறிந்தவர் என்ற தகுதியே அவரிடமிருந்து பறிபோகிறது.

கில்மனின் கதையும் பெர்க்மனின் படமும் இந்த வரையறைக்குள் சரியாகப் பொருந்துகின்றன. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' பொருந்துவதில்லை. அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன். மைக்கா அவளை நம்பாதவன் அல்லன். தொடக்கத்தில் கொஞ்சம் கிண்டல் செய்கிறான், அவ்வளவுதான். கதவு தானாக நகர்வதை ஒளிப்பதிவில் பார்த்த பிறகு அவனுக்கு ஐயமே இல்லை. தரையில் பொடி தூவி, மனிதக் காலுக்கு உரியதல்லாத தடங்களை எடுக்கிறான். அவளுடைய சிறுவயது வீட்டோடு எரிந்துபோயிருக்க வேண்டிய புகைப்படம் ஒன்று இந்த வீட்டின் பரணில் கிடைக்கிறது. ஆதாரம் மேல் ஆதாரம். அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. அதன் பிறகும் அவள் கேட்டதில் ஒன்றைக்கூட அவன் செய்வதில்லை. முன்பைவிட உற்சாகமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

பெண்களின் சொல்லை நம்புங்கள் என்பது நாம் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. ஆனால் நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை இந்தச் சிறிய படம் காட்டிவிடுகிறது. ஒருத்தி 'பயமாக இருக்கிறது' என்று சொல்லும்போது அவள் ஒரு தகவலை மட்டும் தருவதில்லை. ஒன்றைக் கேட்கிறாள். மைக்கா தகவலை எடுத்துக்கொண்டு, கேட்டதை விட்டுவிடுகிறான். அவளுடைய பயம் அவனுடைய ஆராய்ச்சித் திட்டமாக மாறிவிடுகிறது. என் வீடு, என் காதலி, இதை நானே தீர்ப்பேன் என்ற தொனியில்தான் அவன் பேசுகிறான். அந்தப் பேயும் அவளைத் தன்னுடையவள் என்றே நினைக்கிறது. அவளைச் சொந்தம் கொண்டாட இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். அவள் நடுவில் நிற்கிறாள்.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் ஒரு சொல்லில் என் மனம் தங்கிவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் 'பிடித்திருக்கிறது' என்கிறார்கள். மணந்தவன் கைப்பிடித்தவன். ஆவி ஏறினால் பேய் பிடித்திருக்கிறது. கேமராவில் எடுப்பது படம் பிடிப்பது. விருப்பம், திருமணம், ஆவேசம், ஒளிப்பதிவு என்ற நான்குக்கும் நம் மொழி ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறது. இந்தப் படத்தில் கேட்டிக்கு நேர்வது இந்த நான்கும்தான் என்று தமிழில் மட்டுமே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும். பேய் அவளைப் பிடிப்பதற்கு வெகு முன்பே கேமரா அவளைப் பிடித்துவிட்டது.

முதுகலை மாணவிகளோடு ஒருமுறை இந்தப் படத்தைப் பார்த்தேன். முடிந்ததும் முதலில் எழுந்த கேள்வி எதிர்பார்த்ததுதான்: "அம்மா, அவ ஏன் அந்த வீட்டை விட்டுப் போகல?" அடுத்த வரிசையிலிருந்து பதில் வந்தது: "எங்க போனாலும் கூடவே வரும்னு அந்தப் பெரியவரே சொல்லிட்டாரே." படத்தின் தொடக்கத்தில் ஆவிகளைப் பற்றி அறிந்த ஒருவர் வந்து இதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார். பிரச்சினை வீட்டில் இல்லை, அது கேட்டியைத் தொடர்கிறது என்கிறார். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அப்ப இது பேய் வீட்டுப் படமே இல்லம்மா."

அவள் சொன்னது சரி. பேய் வீட்டுக் கதையின் இலக்கணப்படி வீட்டுக்கு ஒரு பழைய குற்றம் இருக்கும்; வீட்டை விட்டு ஓடினால் தப்பிக்கலாம். இங்கே வீடு புதியது, வெளிச்சமானது, மேல்நடுத்தர வர்க்கத்துக்குரியது. பயம் வீட்டுக்குச் சொந்தமானதல்ல. எட்டு வயதில் அவள் கட்டில் அருகே வந்து நின்றது அவளோடு வளர்ந்து, வீடு மாறி, துணை வரை வந்துசேர்ந்திருக்கிறது. வீட்டைவிட்டுப் போகவில்லையே ஏன் என்று பெண்களிடம் கேட்பவர்கள், பயம் வாசற்படியோடு நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். எட்டு வயதில் கட்டிலருகே வந்து நின்ற ஒன்றைப் பற்றிப் படம் பேசியபோது அந்த அறையில் சில மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டதை நான் கவனித்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான எதிர்வாதம் எழும். பயம் என்று சொன்னாலே செவிசாய்க்க வேண்டுமென்றால், பயத்தைப் பொய்யாகச் சொல்பவர்களை என்ன செய்வது? நம் மொழி இந்த எதிர்வாதத்தை ஒரு சொற்றொடராகவே செய்துவைத்திருக்கிறது: நீலிக் கண்ணீர். பெண்ணின் அழுகையை நம்பாதே என்று எச்சரிக்க இதைவிடக் கூர்மையான கருவி தமிழில் இல்லை. ஆகவே நீலியின் கதைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதுவும் ஒரு பூட்டிய வீட்டின் கதை.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதை இது. பல வடிவங்கள் உண்டு. பொதுவான எலும்புக்கூடு ஒன்றுதான். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைப் பழிதீர்க்கப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். இவள் பெண்ணல்ல, பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். எழுபது வேளாளர் அவள் சொல்லை நம்புகிறார்கள். உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம் என்று பிணை நிற்கிறார்கள். அவன் பாதுகாப்புக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

ஊர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், பெண்ணின் கண்ணீரை நம்பாதே என்பது. முற்பிறவியில் கொல்லப்பட்டவளின் வழக்கு எந்தச் சபையிலும் எடுக்கப்படவேயில்லை என்பதை ஊர் மறந்துவிட்டது. அது தனியாகப் பேச வேண்டிய செய்தி. இப்போது எழுபது பேரை மட்டும் பார்ப்போம். அவர்கள் செய்த தவறு நீலியை நம்பியதா? அழுதுகொண்டு குழந்தையோடு நிற்பவளை நம்பியது இயல்பு. தவறு அதற்கடுத்த அடியில் இருக்கிறது. யார் சொல்வது உண்மை என்ற கேள்விக்குத் தாங்கள் கண்ட விடையை வைத்து, பயந்தவனை அவன் பயப்படும் அறைக்குள் அனுப்பினார்கள். கையிலிருந்த வாளையும் வாங்கிக்கொண்டார்கள். அவன் கேட்டது, இவளோடு என்னை ஒரு கூரைக்கு அடியில் வைக்காதீர்கள் என்பதுதான். அதைச் செய்துகொடுக்க எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. அன்றிரவு இருவரையும் வெவ்வேறு வீடுகளில் தங்கவைத்துவிட்டு மறுநாள் வழக்கைத் தொடர்ந்திருக்கலாம். அவள் உண்மையான மனைவியாகவே இருந்திருந்தாலும் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. பிணை நிற்பது பெரிய அறம். ஆனால் பயந்தவன் கேட்டது பிணை அல்ல, வேறு அறை.

இந்தக் கதையில் பயந்தவன் ஆண், பயமுறுத்துபவள் பெண். அதனாலேயே என் வாதத்துக்கு இது உதவுகிறது. பெண்கள் எப்போதும் உண்மையே பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. இப்போது என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஆதாரம் வேண்டும், விசாரணை வேண்டும், காலம் வேண்டும். இரண்டாவது அந்தக் காலம் வரை காத்திருக்கக் கூடாது. மைக்கா, எழுபது வேளாளர், நம்முடைய பல குடும்பங்கள், நிறுவனங்கள் எல்லாம் செய்யும் தவறு இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான். முதலில் நிரூபி, பிறகு பார்க்கலாம் என்பதன் பொருள், நிரூபணமாகும் வரை அங்கேயே இரு என்பது.

பயம் ஆயுதமாகவும் ஆகும் என்பதை மறப்பதற்கில்லை. 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்பதே சொல்லப்பட்ட காரணம். நம் ஊரிலும் 'எங்கள் பெண்களுக்கு ஆபத்து' என்று மேடையேறும் சாதியின் குரலை அறிவோம். அந்த மேடையில் பயந்ததாகச் சொல்லப்படும் பெண் பெரும்பாலும் இருப்பதில்லை. அவளை யாரும் கேட்பதும் இல்லை. அதனால் நான் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். ஒருவர் பயத்தின் பேரில் தன்னைச் சுற்றிக் கேட்பதை, கதவு, விளக்கு, துணை, தூரம், அணைக்கப்பட்ட கேமரா ஆகியவற்றை, கேள்வி கேட்காமல் கொடுத்துவிடலாம். இன்னொருவருக்குத் தண்டனை கேட்டால் அங்கே ஆதாரம் பேச வேண்டும். எம்மெட் டில்லைக் கொன்றவர்கள் இந்தக் கோட்டை அழித்தவர்கள். மைக்கா இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைக்கூடக் கொடுக்க மறுத்தவன்.

சட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வன்முறை நடந்திருக்கிறது என்று மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று முதல்நோக்கில் தெரிந்தாலும் நடுவர் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விசாரணை முடியும் முன்பே, புகார் தந்தவரின் எழுத்துபூர்வ வேண்டுகோளின் பேரில் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ பரிந்துரைக்க இடம் தருகிறது. அப்படிப்பட்ட ஒரு புகார்க் குழுவில் நான் இருந்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் தண்டனை அல்ல. "அந்த அறைக்கு நான் தனியா போக வேண்டாம்னு மட்டும் பண்ணிக் கொடுங்க மேடம்" என்பார்கள். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து முதலில் எழும் கேள்வி, "ஆதாரம் ஏதாவது இருக்கா?" 12ஆம் பிரிவு கோப்பில் தூங்கும். அறைக்குள் அனுப்பி வாளை வாங்கிக்கொள்வதற்கு எழுபது பேர் தேவையில்லை. ஐந்து பேரே போதும்.

படத்தைக் கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. கேட்டியின் பக்கம் இவ்வளவு தூரம் நின்ற படம் கடைசியில் அவளைக் கைவிட்டுவிடுகிறது. ஓர் இரவு அவள் கட்டிலிலிருந்து எழுந்து, தூங்கும் மைக்காவைப் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறாள். படத்திலேயே மிகவும் அச்சமூட்டும் காட்சி என்று பலர் சொல்வது இதைத்தான். அதுவரை பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தவள் முதன்முறையாகப் பார்க்கிறாள். உடனே நமக்குக் குலை நடுங்குகிறது. விழாவில் காட்டிய முதல் வடிவத்தில் காவலர்கள் வந்து அவளைச் சுட்டுவிடுகிறார்கள். திரையரங்கில் வந்த வடிவத்தில் மைக்காவைக் கொன்றுவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்து, நம்மீது பாய்கிறாள். பயந்தவள் எப்படி முடிந்தாலும் பயமுறுத்துபவளாகத்தான் முடிகிறாள். இந்த இரண்டு வடிவங்களிலும் அவளுக்கு வேறு முடிவு இல்லை.

அவளுக்கு முடிவு எழுதியவர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. மைக்கா கேமராவை அணைத்திருந்தால் நமக்குப் படம் இல்லை. அவள் கெஞ்சிய ஒவ்வொரு முறையும், அணைத்துவிடாதே என்று நம்முள் ஏதோ ஒன்று விரும்பியது. அடுத்த இரவு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. துயரத்தைச் சொல்லவரும் பெண்ணிடம் விவரம் மேல் விவரம் கேட்கும் ஊடகங்களிலும், அக்கம்பக்கத்திலும், சில வேளைகளில் தோழமைக் கூட்டங்களிலும் இதே ஆசைதான் கேள்வியின் உருவில் வருகிறது.

இது மீட்டெடுக்கப்பட்ட ஒளிப்பதிவு என்ற பாவனையில் எடுக்கப்பட்ட படம். தொடக்கத்திலேயே இருவரின் குடும்பங்களுக்கும் சான் டியேகோ காவல்துறைக்கும் நன்றி சொல்லும் வரிகள் வருகின்றன. முடிவில் மைக்காவின் உடல் கண்டெடுக்கப்பட்டதையும் கேட்டி எங்கிருக்கிறாள் என்று தெரியவில்லை என்பதையும் அறிவிக்கும் வரிகள். கதைப்படி அத்தனை இரவுகளின் ஒளிப்பதிவும் இப்போது காவல்துறையிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்த சான்று உண்டு. அவள் கேட்டதோ ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்திருக்கும்.